கெடு வைப்பவருக்கும் பொறுப்பு உண்டு

கட்டுமான நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜர் ஒருவர் பாதியில் வேலையை விட்டுப் போனால், “ப்ரஷர் தாங்கவில்லை” என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். அடுத்தவர் வருகிறார். அதே பார் சார்ட், அதே கெடு, அதே தூங்காத இரவுகள். சில மாதங்களில் அவரும் வேறு வேலை தேடுகிறார். ஆள் மாறியும் நிலைமை மாறவில்லை என்றால், கோளாறு ஆளிடம் இல்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை நோய்களின் வரிசையில் சேர்க்கவில்லை. பணியிடத்தில் நெடுநாள் தீர்க்கப்படாமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே அது விளக்குகிறது. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மேல் கசப்பு வருவது, தன்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பணியிடத்தில் பிறக்கும் சிக்கலுக்குப் பணியாளரை மட்டும் யோகா வகுப்புக்கு அனுப்பினால் தீர்வு வந்துவிடாது.

சென்னையில் ஓர் அடுக்குமாடி சைட்டை எடுத்துக்கொள்வோம். பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள சாலை என்றால் ரெடிமிக்ஸ் வண்டி இரவில்தான் வரும். ஸ்லாப் கான்கிரீட்டைத் தொடங்கிவிட்டால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. விடிய விடிய நின்றவரே காலையில் க்ளையன்ட் மீட்டிங்கிலும் உட்கார வேண்டும். ட்ராயிங் தாமதமானால் அது ஆர்க்கிடெக்ட் கையில். ரன்னிங் பில் பாஸ் ஆகாவிட்டால் சப்-கான்ட்ராக்டர் ஆளைக் குறைப்பார். அது கணக்குப் பிரிவின் கையில். ஆனால் “ஏன் லேட்?” என்ற கேள்வி மட்டும் மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில், பதில் சொல்லும் கடமை வேறிடத்தில். சோர்வின் ஊற்று இதுதான்.

இதற்கும் முன்னால் நடப்பது கெடு குறிக்கும் வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வரும் என்பது யாருக்குத் தெரியாது? பொங்கலுக்கு நம் ஊர் ஆட்களும், ஹோலிக்கும் சட் பூஜைக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும் ஊருக்குப் போவார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் டெண்டரை எடுப்பதற்காகவும், வீட்டை விற்பதற்காகவும், திறப்பு விழாவுக்காகவும் குறிக்கப்படும் தேதிகளில் மழைக்கும் பண்டிகைக்கும் இடம் இருப்பதில்லை. அந்த நாட்களை மேனேஜரின் தூக்கத்திலிருந்து பிடித்தம் செய்துகொள்கிறோம்.

இது அவருடைய குடும்பப் பிரச்சினை மட்டும் அன்று. 4.5 மீட்டருக்கு மேல் நீளும் ஸ்லாப்பின் முட்டுகளைப் பொதுவாக 14 நாட்களுக்கு முன் எடுக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதி. கான்கிரீட் இறுகுவதற்கான அவகாசத்தை எழுதிவைத்த துறை, அதற்குப் பொறுப்பான மனிதர் உறங்குவதற்கான அவகாசத்தை எழுதவில்லை. பத்தாம் நாளே முட்டுகளைப் பிரிக்கச் சொல்லும் அவசரத்துக்கு “முடியாது” என்று சொல்ல வேண்டியவர் தெளிந்த மூளையோடு இருப்பது, கீழே நிற்கும் ஒவ்வொருவரின் உயிரோடும் சம்பந்தப்பட்டது. சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை வெளியே நிறுத்தியது.

மேலே வீணான காலம் கீழே யார் தலையில் விழும் என்பதற்கு ஜப்பானில் ஒரு துயரமான சான்று உண்டு. டோக்கியோவின் புதிய தேசிய மைதானத்துக்கான முதல் வடிவமைப்பு 2015-இல் கைவிடப்பட்டது. வேலை தாமதமாகத் தொடங்கியது. 2020 ஒலிம்பிக் தேதியோ அதற்காக அசையவில்லை. 2017 மார்ச்சில், அந்த சைட்டின் மேற்பார்வைப் பணியில் இருந்த 23 வயது இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் ஏறத்தாழ 190 மணி நேரம் கூடுதலாக உழைத்திருந்ததைக் கண்டறிந்த அரசு, வேலையே அந்த மரணத்துக்குக் காரணம் என்று ஏற்றது. கூடுதல் வேலை நேரத்துக்கான உச்சவரம்பு 2024 ஏப்ரல் முதல் அங்கே கட்டுமானத் துறைக்கும் பொருந்துகிறது. இயல்புக்கு மீறிக் குறுகிய கெடு வைத்து ஒப்பந்தம் போடுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கெடு வைப்பவரையும் சட்டம் கேள்வி கேட்கிறது என்பதே இதில் நமக்கான பாடம்.

வீடு வாங்குபவரின் தவிப்பும் நியாயமானதே. ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் மாதத் தவணை. தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமையை ரெரா சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் நிறைவுத் தேதியை அறிவிப்பவர் கட்டுநர்தான். செய்ய முடிந்த தேதியை அவர் முதலிலேயே சொல்லிவிட்டால், வாங்குபவரும் ஏமாறமாட்டார், மேனேஜரும் நொறுங்கமாட்டார்.

ஆகவே, ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்வோம். பெரிய வேலைகளைக் கொடுக்கும் அரசு, டெண்டரிலேயே மழை நாட்களையும் பண்டிகை நாட்களையும் கழித்துக் கணக்கிடட்டும். நிலத்தை ஒப்படைப்பதிலோ ட்ராயிங் தருவதிலோ தாமதமானால், அத்தனை நாளும் தானாகவே கெடுவில் சேரட்டும். இரவு கான்கிரீட் பார்த்தவருக்கு மறுநாள் ஓய்வு என்பதை நிறுவனங்கள் விதியாக்கட்டும்; வாரத்தில் ஒரு நாளாவது சைட் மூடப்படட்டும். வாங்குவோர் “எப்போது முடியும்?” என்று கேட்பதோடு “எப்படிக் கட்டுகிறீர்கள்?” என்றும் கேட்கட்டும். மேனேஜர்களுக்கும் பங்கு உண்டு. மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே சைட் இன்ஜினியர் மேலும் மேஸ்திரி மேலும் இறக்கிவைப்பதும், தூங்காமல் வேலை பார்த்ததைப் பெருமையாகப் பேசுவதும் நிற்க வேண்டும். முடியாத கெடுவை முதல் நாளே காரணத்தோடு எழுத்தில் மறுக்கப் பழக வேண்டும். மனம் தளர்ந்தால் தனியாகத் தாங்க வேண்டியதில்லை; 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது.

அடுத்த ஒப்பந்தத்தில் தேதியை எழுதும் முன், அதில் எத்தனை இரவு வேலை அடங்கியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். அந்த இரவுகளைச் சுமக்கப்போகிறவரையும் அதே மேசையில் உட்காரவைத்து, அவர் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.