போகவிட்டது சரிதானா?

பெங்களூர் அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் கால்பந்து ரசிகர்கள் கூடினால் ஒரு வாதம் இன்னும் ஓய்வதில்லை. பெங்களூரு எப்.சி. தன் பின்கள வீரர்களைப் போகவிட்டது சரிதானா?

சரிதான் என்போர் ஜான் ஜான்சனைக் காட்டுகின்றனர். 5 ஆண்டுகள் தூணாக நின்ற அவர் 2018-ல் விலகினார். அடுத்த சீசனிலேயே அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. உண்மைதான். ஆனால், ஜான்சனோடு ஆடிப் பழகிய ஜுவானன் அப்போது அணியில் இருந்தார். ஒரு தூண் போயும் கூரை நின்றது.

2020-ல் செர்ரானும் நிஷு குமாரும் ஒருசேர விலகினர். அதற்கு முன் 18 லீக் ஆட்டங்களில் 13 கோல்களே வாங்கிய அணி, அடுத்த சீசனில் 20 ஆட்டங்களில் 28 கோல்கள் வாங்கி 7-வது இடத்துக்கு இறங்கியது. நடுவில் பயிற்சியாளர் மாறியதும் ஒரு காரணமே. ஆனால் அது மட்டுமல்ல.

அதன் பிறகாவது விழித்தார்களா? 2021-ல் ராகுல் பெக்கேவும் மும்பை சிட்டிக்குப் போனார். 2019 இறுதியாட்டத்தில் கோவாவைத் தலையால் முட்டி வீழ்த்தியவர் அவர். 2024-ல் மும்பைக்குத் தலைவராக நின்று கோப்பையை ஏந்தினார். அதே ஆண்டில் பெங்களூரு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2025-ல் இறுதியாட்டம் வரை முன்னேறியது.

தீர்ப்பை நிர்வாகமே சொல்லிவிட்டது! எல்லாரையும் வைத்துக்கொள்ள முடியாதுதான். ஒருவரை அனுப்பும்போது, அவரோடு நின்றவரையாவது பிடித்து வைக்க வேண்டாமா? ஆட்டக்காரரை விலைக்கு வாங்கலாம். சேர்ந்து ஆடிய பழக்கத்தை வாங்க முடியாது.