கிராமத்துத் தீயும் தண்ணீரும்

சேலத்துக்குக் கிழக்கேயுள்ள அயோத்தியாப்பட்டணத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் கோடை காலத்தில் கீற்றுக் கொட்டகையும் வைக்கோற்போரும் உலர்ந்து கிடக்கின்றன. ஒரு பொறி விழுந்தால் போதும். தீயணைக்கும் வண்டி வந்துவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். அது பிழை. அவ்வண்டி சாதாரணமாகச் சுமந்து வருவது சுமார் 4,500 லிட்டர் தண்ணீரே; பீய்ச்சத் தொடங்கினால் சில நிமிஷங்களில் தீர்ந்துபோம். பிறகு என்ன செய்வது? வீதியோரத்தில் தீயணைப்புக் குழாய் உள்ள நகரமானால் அதில் இணைத்துக் கொள்ளலாம். கிராமத்தில் அதற்கு வழியில்லை.

கிணறுகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் வண்டியிலுள்ள பம்பு சுமார் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச வல்லதன்று. காற்றின் அழுத்தம் வகுத்த எல்லை அது. சேலம் சீமையில் வேனிற்காலக் கிணற்று நீர் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுவது சகஜம். கிணற்று மோட்டாரை நம்பலாமென்றாலோ, தீப்பற்றிய இடத்தில் முதற்கண் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியிருக்கிறது.

ஆதலின் வேண்டுவது மேலே தேக்கி வைத்த தண்ணீர். அதற்குப் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டா. குடிநீருக்காகக் கட்டிய மேல்நிலைத் தொட்டிகள் ஊர்களில் நிற்கின்றன. அவற்றின் அடியில், வண்டியின் குழாய் பொருந்துமாறு ஒரு வாயும் வால்வும் அமைத்தால், மின்சாரமின்றியே நீர் இறங்கும். 30,000 லிட்டர் தொட்டி நிறைந்திருப்பின் ஆறு வண்டிக்குப் போதும். ஏரியுள்ள ஊர்களுக்கு வேறோர் உபாயமும் உண்டு. அமெரிக்கக் கிராமங்களில் குளத்தினின்று சாலையோரம் வரை குழாய் பதித்து வைக்கிறார்கள். வண்டி அங்கேயே நின்று உறிஞ்சிக் கொள்கிறது.

இதனைச் செய்ய வேண்டியவர் யார்? நமது அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை நகர ஸ்தாபனங்களுக்குரிய 18 விஷயங்களில் தீயணைப்பைச் சேர்த்திருக்கிறது. கிராம ஊராட்சிகளுக்குரிய 11-வது அட்டவணையின் 29 விஷயங்களில் அதைக் காணோம். அயோத்தியாப்பட்டணம் பேரூராட்சி; அதன் எல்லையைத் தாண்டினால் ஊராட்சி. நெருப்பு எல்லைக்கல்லைக் கண்டு திரும்புமா? ஆயினும், குடிநீரும் பொதுச் சொத்துக்களின் பராமரிப்பும் அந்த 29-இல் அடங்கியவையே. தொட்டி ஊராருடையது, வாய் வைக்கும் பொறுப்பும் அவர்களுடையதே.

குடிநீர் வீணாகுமென்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஒரு நாள் குடத்தைக் குறைத்துக் கொள்ளலாம். எரிந்த வீட்டையும் கட்டிய மாட்டையும் ஒரு நாளில் மீட்க முடியாது. மே 1-ந் தேதி கூடும் கிராம சபைகளில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி தேச ஊழியர்கள் ஜனங்களைத் தூண்டுவார்களாக. சர்க்காரும் தக்க பொருளுதவி செய்து, எல்லா ஊர்களிலும் ஒரே அளவான வாய் அமையும்படி பார்ப்பதே கடமை.