நடுமட்டத்தையும் அளக்க வேண்டும்

பண்ணைக்குட்டை வெட்டி முடிந்ததும் டேப்பை விரிப்பார்கள். மேலே நீள அகலம், அடியில் நீள அகலம், பிறகு ஆழம். அதோடு அளவுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பாசனப் பிரிவில் மண்வேலை அளந்தே ஓய்வுபெற்றவன் நான். பாதி ஆழத்தின் நீள அகலமான நடுமட்டம் வராத கணக்கை என்னால் முழுக் கணக்காக ஏற்க முடியாது.

அந்தக் குட்டையின் வடிவத்துக்குக் கணிதத்தில் பிரிஸ்மாய்டு என்று பெயர். மேல்முகமும் அடிமுகமும் ஒன்றுக்கொன்று இணை. இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் பக்கங்கள். சுற்றிலும் சரிவகச் சுவர்கள். சிவில் படித்தவர்களைத் தவிர இந்தப் பெயர் யார் காதிலும் விழுவதில்லை. ஆனால் ஊருணி, வாய்க்கால் வெட்டு, கரை மேடு என்று மண்ணில் நாம் செய்வதில் பெரும்பகுதி இந்த வடிவம்தான்.

பலரும் இதைக் கூம்பகத்தின் இடைக்கண்டம், அதாவது நுனி வெட்டிய கூம்பகம், என்று எண்ணிவிடுகிறார்கள். வாய் 30க்கு 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர், நாலு பக்கமும் ஒரே சரிவு, அடி 24க்கு 14 என்று ஒரு குட்டையை எடுத்துக்கொள்வோம். சுவர்களை மண்ணுக்குள் நீட்டிக்கொண்டே போனால் அவை ஒரு புள்ளியில் கூடுவதில்லை. கவிழ்த்துப் போட்ட ஓட்டு வீட்டுக் கூரையைப் போல நீண்ட முகட்டில் கூடுகின்றன. ஆகவே இது இடைக்கண்டம் இல்லை.

வாயின் பரப்பு 600, அடியின் பரப்பு 336. இரண்டின் சராசரியை ஆழத்தால் பெருக்கினால் 1,404 கனமீட்டர் வரும். நீள அகலங்களின் சராசரியை, அதாவது 27க்கு 17 என்ற நடுமட்டத்தை மட்டும் எடுத்தால் 1,377. முதல் வழியில் பில் தொகை கூடும். இரண்டாவதில் வெட்டியவர் கூலி குறையும். வாய்ப்பரப்பு, அடிப்பரப்பு, நடுப்பரப்பைப் போல நான்கு மடங்கு, மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுத்தால் சரியான விடை வரும்: 1,386. முதல் வழியில் மிகையாக வருவது 18 கனமீட்டர். லாரிக்காரர் கணக்கில் ஆறு யூனிட்டுக்கு மேல்.

இதை மேல்நாட்டார் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 628இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலில் குழிக் கணக்கு இருக்கிறது. முன் சொன்ன இரண்டு விடைகளையும் கண்டு, பெரியதில் சிறியதைக் கழித்து, மூன்றில் ஒரு பங்கைச் சிறியதோடு சேர்க்கச் சொல்கிறார். 27இல் மூன்றில் ஒரு பங்கு 9; 1,377உடன் சேர்த்தால் அதே 1,386. எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் இடம் இது. 1150இல் பாஸ்கரர் 'லீலாவதி'யில் வாய் 12க்கு 10 முழம், அடி அதில் பாதி, ஆழம் 7 முழம் என்று ஒரு குளத்தைக் கணக்காகவே கொடுக்கிறார். விடை 490 கன முழம். எகிப்தில் இதற்கெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, மாஸ்கோ பாப்பிரஸில், சதுர இடைக்கண்டத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கூம்பின் இடைக்கண்டம் இருக்கிறது. பிள்ளைகள் வாளியின் கொள்ளளவு காண்கிறார்கள். நல்லது. பக்கத்திலேயே பிரிஸ்மாய்டுக்கு ஒரு பக்கம் கொடுங்கள் என்கிறேன். பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு குளமாவது இருக்கும், போய் அளந்து பார்க்கலாம்.

நான் வேலையில் இருந்த நாட்களில் ஒரு கரையில் மண் சுமந்த அம்மா ஒருவர் என்னைக் கேட்டார்: "சார், சரிவா வெட்டுனோமே, அந்த மண்ணும் கணக்குல வருதா?" இந்த வடிவத்தைப் பற்றி அதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை. அவருக்குப் பதில் கிடைக்கும்படி அளவுகள் வெளியே தெரிய வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் பலகையில் திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதுகிறோம். அதோடு வாய், நடு, அடி, ஆழம் என்று நான்கு வரி சேரட்டும். சரிவு சீராக இருந்தால் நடுமட்டத்தைச் சராசரியில் எடுக்கலாம்; பொக்லைன் வெட்டிய சுவர் அப்படி இருப்பதில்லை, இறங்கி அளக்கத்தான் வேண்டும். முதல் மழையில் தண்ணீர் நின்றுவிட்டால் அடியையும் நடுவையும் யாரும் சரிபார்க்க முடியாது. அதனால் அந்த நான்கு வரிகளும் மழைக்கு முன்பே பலகையில் ஏற வேண்டும்.