தொலைக்காட்சி அரங்கும் தீவக மக்களும்

கல்லூரி விழா மலருக்கு எழுதப் புகுவோர் பழைய அதிபர்களின் அருங்குணங்களையும் விடுதி வாழ்வின் இன்பங்களையும் எடுத்தோதுவது வழக்கம். அவ்வழக்கம் போற்றற்குரியது. ஆயின், அவற்றை எழுதுதற்கு எம்மிலும் தக்கார் இம்மலரில் பலர் உளராதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். செய்தியையும் அரசியலையும் கேளிக்கையையும் ஒரே இலையிற் படைக்கின்ற தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிகளே அப்பொருள். இது ஓர் இந்துக் கல்லூரி மலருக்கு ஏற்றதோ என்று ஐயுறுவார்க்கு நாம் கூறுவது ஒன்றே: எம் மாணவர் இன்று நாட்டு நடப்பை அறிவது பொதுக்கூட்டத்திலோ வாசிகசாலையிலோ அன்று, அத்திரையிலும் அதன் துண்டுகளைக் கொண்டுவரும் கைப்பேசியிலுமே.

தொலைக்காட்சி எம்மை வந்தடைந்த வழி சற்று வேடிக்கையானது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15இல் ரூபவாகினியும் தொடங்கின. வட பகுதியார் பலரோ வீட்டு முகட்டுக்கு மேலே நெடிய கம்பங்களை நட்டு, 1975இல் தொடங்கிய சென்னைத் தூரதர்சனை அலைந்து பிடித்துப் பார்த்தனர். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதன்பின் ஆண்டுக் கணக்காகச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பி.பி.சி. தமிழோசையின் அறிவிப்பாளர் சிரித்ததும் இல்லை, சினந்ததும் இல்லை. கூறவேண்டியதைக் கூறி நிறுத்தினார். மிதி கட்டையை மிதித்துக் களைத்த கால்களோடு கேட்ட அச்செய்தியின் ஒரு சொல்லையும் நாம் வீணாகப் போகவிட்டதில்லை.

இன்றைய நிலை வேறு. உரையாடல் நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. எமது நாட்டில் சக்தி தொலைக்காட்சியின் ‘மின்னல்’ நிகழ்ச்சி ஒரு காலத்தில் தமிழ் அரசியலாளரை ஒரே கூடத்தில் எதிரெதிரே இருத்திப் பேசவைத்தது. நாளிதழ் அறிக்கைகளில் ஒருவரையொருவர் மறைவாகத் தாக்கிக்கொண்டோர் நேருக்கு நேர் விடையிறுக்க நேர்ந்தமை மக்களுக்கு ஓர் ஆதாயமே என்பதை நாம் மறுக்க மாட்டோம். அதனை நடத்திய ஜே. ஸ்ரீரங்கா 2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். அது அவரது உரிமை. எனினும் வினாவுவோர் இருக்கைக்கும் விடையிறுப்போர் இருக்கைக்கும் இடையிலுள்ள தூரம் எத்துணைச் சிறிதாகிவிட்டது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

அரசியலும் கேளிக்கையும் ஒருங்கு கலத்தலே பாவம் என்று கூறும் கூட்டத்தைச் சேர்ந்தோமல்லோம். எமது நாட்டுக்கூத்தில் அரசன் கொலுவுக்கு வருமுன் கட்டியகாரன் வந்து நகையாடிச் செல்லவில்லையா? அமெரிக்காவில் எட்வர்ட் மரோ என்பார் 1954 மார்ச் 9இல் செனற்றர் மக்கார்தியின் அச்சுறுத்தல் அரசியலைத் தமது நிகழ்ச்சியில் அம்பலப்படுத்தினார். அதே மரோ அதே ஆண்டுகளில் வேறொரு நிகழ்ச்சியில் நடிகர்களின் இல்லங்களைத் திரையிற் காட்டி அவர்களோடு அளவளாவினார். ஆனால் அவர் இரண்டையும் இரண்டு நிகழ்ச்சிகளாக வைத்தார். ஒன்றற்குரிய குரலை மற்றொன்றில் வழங்கினாரல்லர். இன்று அவ்வேலி வீழ்ந்துவிட்டது என்பதே எமது முறைப்பாடு. அமைச்சரிடம் அவருக்கு விருப்பமான பாடல் யாதென்று கேட்கிறார்கள். நடிகரிடம் நாட்டின் வெளியுறவுக் கொள்கையைக் கேட்கிறார்கள். இருவரும் தயங்காது விடை கூறுகின்றனர் என்பதுதான் வியப்பு.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த செல்வி ஜெயலலிதா 1999இல் சிமி கரேவாலின் நிகழ்ச்சியிற் கலந்துகொண்டார். அங்கே தம் இளமையையும் தனிமையையும் கூறி ஓர் இந்திப் பாடலின் அடிகளையும் பாடினார். கண்டோர் உருகினர். 2004இல் அவரே பி.பி.சி.க்காகக் கரன் தாப்பர் நடத்திய நேர்காணலில் ஆட்சி பற்றிய கடும் வினாக்களை எதிர்கொண்டு, முடிவில் வெளிப்படையாகவே சினந்து எழுந்தார். முதலாவது நேர்காணலைப் பலர் இன்றும் அன்போடு நினைவுகூர்கின்றனர். இரண்டாவதை அவர் சினந்த கதையாகவே சொல்கின்றனர். என்ன வினா கேட்கப்பட்டது, அதற்கு விடை வந்ததா என்று சொல்வாரைக் காண்பது அரிது. தலைவரின் பாடல் மனத்தில் தங்குகிறது; ஆட்சியின் கணக்கு தங்குவதில்லை. தாப்பரின் முறை சில வேளை வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை போல் அமைந்துவிடுகிறது என்பது மெய்யே. ஆயினும், குறுக்கு விசாரணை வேண்டாமென்று எந்த நீதிமன்றமும் கூறியதில்லை.

தீவகத்தார்க்கு இதில் வந்தது என்ன என்று கேட்கலாம். வந்தது மிகப் பெரிது. ஊர்காவற்றுறை முன்னர் தனி அங்கத்தவர் தொகுதி. 1956இல் வீ. ஏ. கந்தையாவும் 1963இல் வ. நவரத்தினமும் அத்தொகுதியின் பிரதிநிதிகளாயினர். வாக்குக் கேட்டுப் படகேறி வருவோர்க்கு எதிரே இறங்குதுறையில் நின்று கேள்வி கேட்க வாக்காளனுக்கு இயன்றது. விகிதாசார முறை வந்தபின் மாவட்டம் முழுவதும் ஒரே களம். வெல்வது விருப்பு வாக்கு. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆக இருந்த ஆசனங்கள் 2024இல் 6 ஆயின. நெடுந்தீவின் சில ஆயிரம் வாக்குகளைத் தேடிக் கடல் கடப்பதிலும், ஒரு மாலைப்பொழுது திரையில் தோன்றுவது வேட்பாளருக்கு இலாபம். முகம் அறிந்தவனுக்கே விருப்பு வாக்கு விழுகிறது. முகத்தை அறிவிப்பது அத்திரை. ஆகவே, அங்கே என்ன கேட்கப்படுகிறது என்பது எமது படகுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உரிய விடயமாகிவிட்டது.

எமது தீவுகள் அத்திரையில் வாராமலும் இல்லை. 2021இன் தொடக்கத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் கலப்பு மின்திட்டம் அமைக்கும் பணி ஒரு சீன நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டபோது, கொழும்பு, சென்னை, டெல்லி எங்கும் எமது பெயர் ஒலித்தது. அவ்வாண்டு இறுதியில் அத்திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை வந்தது. 2024 மார்ச்சில் ஓர் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்று, காற்றினால் 530 கிலோவாற்று என்பது திட்டம். நாம் பார்த்த விவாதங்களிலே பேசப்பட்டவை சீனக் கப்பல்களும் இந்தியப் பாதுகாப்புமே. தேசிய மின்வலையில் இணையாது டீசல் இயந்திரத்தை நம்பியிருக்கும் தீவில் மாணவன் இரவிற் படிப்பது எப்படி, மின்சாரம் இல்லாத நேரத்தில் மருந்தைக் குளிரவைப்பது எப்படி என்னும் வினாக்களை எழுப்பியவரை நாம் கண்டிலம். தீவு அவர்கட்கு வரைபடத்தில் ஒரு புள்ளி. அதில் ஆள் இருப்பது நினைவில் இல்லை.

கச்சதீவின் கதையும் இதுவே. அது நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கியது. 1974இல் இரு நாடுகளும் அதுபற்றி உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 2024 பொதுத்தேர்தல் நெருங்கியபோது அது திடீரென விவாதப் பொருளாயிற்று. 2025 ஓகஸ்ற்றில் மதுரை மாநாட்டில் நடிகரும் கட்சித் தலைவருமான விஜய் அதனை மீட்கவேண்டுமென்றார். செப்ரெம்பர் முதலாந் திகதி எமது ஜனாதிபதி அங்கே நேரிற் சென்று இறங்கினார். திரைக்கு இதனினும் இனிய விருந்து உண்டோ? நடிகர், ஜனாதிபதி, கடல், தீவு எல்லாம் ஒரே காட்சியில்! ஆனால், இழுவைமடி இழுத்த வலையோடு கடலடியே சுரண்டப்படுவதும், 2017இல் அம்முறையைத் தடைசெய்து இலங்கை சட்டம் இயற்றியதும், அச்சட்டம் எத்துணை தூரம் நடைமுறையில் உள்ளது என்பதும் கேட்கப்படுவதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது. வலை அறுந்த எமது மீனவனும், தொழில் முடங்குமென்று அஞ்சும் இராமேசுவரத்து மீனவனும் ஒருங்கே அமர்ந்து பேசும் ஒரு மணி நேரத்தை எவராவது ஒளிபரப்பினால், அதனைக் காண எமது தீவுகளில் அடுப்பணைத்து வந்து அமர்வார்கள்.

வாதம் தமிழர்க்குப் புதிதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலையிலே உண்டு. இந்திர விழா அறைவோன், சமயவாதிகளை அம்மண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். நயினாதீவே மணிபல்லவம் என்பார் கூற்றை ஒப்பினால், மணிமேகலை எம் ஊருக்கு வந்தவள். அவள் பின்னர் வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் ஒருவர்பின் ஒருவராக அணுகி, அவரவர் கோட்பாட்டைக் கேட்டறிந்தாள். அவ்வளவு பொறுமை இன்றைய நிகழ்ச்சி நடத்துநர் எவரிடத்துண்டு? எதிரி மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்குமுன் நால்வர் கத்துகின்றனர். கூச்சல் மிகுந்த நிகழ்ச்சியின் துண்டுகளே யூரியூப்பில் மிகுதியாகப் பரவுகின்றன என்பதை அறிந்தோர் கூச்சலைக் குறைக்கப் போவதில்லை.

நல்ல முன்மாதிரி அறவே இல்லையென்று கூறோம். விசு சன் தொலைக்காட்சியில் நடத்திய ‘அரட்டை அரங்கம்’ ஊர் ஊராகச் சென்று, பெயர் அறியாதோர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தது. அதிற் கண்ணீரும் கைதட்டலும் மிகை. எனினும், தன் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேச ஒரு சிறுமிக்கு அங்கே இடம் இருந்தது. கோபிநாத் 2006 முதல் நடத்திய ‘நீயா நானா’வும் தன் நல்ல நாள்களில் இதனைச் செய்தது.

ஒளிபரப்பாளரைத் திருத்தும் வல்லமை எமக்கில்லை. எமது கல்லூரி விவாத மன்றத்தைத் திருத்தலாம். இதுகாறும் நாம் மாணவர்க்குப் பேசவே பயிற்றினோம். ஏற்ற இறக்கத்தோடு முழங்கியவனுக்குக் கேடயம் அளித்தோம். கேட்கப் பயிற்றினோமில்லை. பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கொரு முறை, தேர்தல் ஆண்டாயின் இரு முறை, பாராளுமன்ற உறுப்பினரையும் பிரதேச சபை உறுப்பினரையும் எமது மண்டபத்துக்கு அழைக்கட்டும். மேடையில் வினாவுவோர் உயர்தர வகுப்பு மாணவராயிருக்கட்டும். அவர்கள் முன்னரே குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று படகுகளின் நேரத்தையும், பாடசாலைகளுக்குச் சென்று வெற்றிடமாயுள்ள ஆசிரியர் எண்ணிக்கையையும் குறித்து வரவேண்டும். ஒரு வினாவுக்கு விடை வருமுன் அடுத்த வினா கூடாது. விருந்தினர்க்கு விருப்பமான பாடலைப் பற்றி எவரும் கேட்கலாகாது. பாட விரும்பின், நிகழ்ச்சி முடிந்தபின் தேநீர் வேளையிற் பாடலாம். முதற் கூட்டத்துக்கு வேண்டிய கதிரைகளும் ஒலிபெருக்கியும் எமது செலவு. கைப்பேசியிற் பதிந்து முழுமையாக வெளியிடும் பொறுப்பை மாணவர் ஏற்கட்டும். துண்டாக வெட்டி வெளியிட அவர்கட்கு அனுமதி இல்லை.