மாலை ஐந்து மணிக்கு நம் பிள்ளைகள் யார் கையில்?

நான்கரை மணிக்குப் பள்ளி விட்டு வருகிறான் பையன். சீருடையை மாற்றி, தேநீரில் பன்னைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு மக்தபுக்கு ஓடுகிறான். மஃரிப் முடிந்ததும் அதே பையன் கணக்கு நோட்டோடு இரண்டு வீடு தள்ளி இருக்கும் டியூஷன் அக்காவிடம் போகிறான். இஷாவுக்கு முன் வீடு திரும்புகிறான். மயிலாப்பூர் சந்துகளிலும், மீர்சாகிப்பேட்டையிலும், தி.நகரின் பின் தெருக்களிலும், அடையாறு பக்கத்துக் குடியிருப்புகளிலும் நம் குடும்பங்களில் தினமும் நடப்பது இதுதான்.

இந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்கள் இருவர். ஒருவர் மதரஸா உஸ்தாத். மற்றவர் டியூஷன் எடுக்கும் பெண். பெரும்பாலும் நம் தெருவிலேயே இருக்கும் பட்டதாரி மருமகள் அல்லது கல்லூரி முடித்து வீட்டில் இருக்கும் மகள். இந்த இருவருக்கும் நாம் என்ன கொடுக்கிறோம், அவர்களிடம் என்ன கேட்கிறோம் என்று எந்த ஜமாஅத் கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா?

ஆறு முதல் எட்டு வரை ஏன் முக்கியம்?

சிறு பிள்ளைகள் மீது இன்று அரசின் கவனம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கானது. மறுமுனையில், பத்தாம் வகுப்பு என்றால் பெற்றோரே விழித்துக்கொள்கிறார்கள். பொதுத் தேர்வு வருகிறதே என்ற பயம்.

நடுவில் இருக்கும் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு 5, 8ஆம் வகுப்புகளில் மாணவர்களை நிறுத்தி வைக்க வழி செய்து விதிகளைத் திருத்தியபோது, தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. நாமும் அதை வரவேற்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தோற்றவன் என்று முத்திரை குத்தினால் முதலில் பள்ளியை விட்டுப் போவது ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆனால் தேர்ச்சி பெற்றான் என்பதற்காகப் பாடம் புரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் புரியாத பிள்ளை, எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தின் முன் ஊமையாக உட்கார்ந்திருப்பான். ஒன்பதாம் வகுப்பில்தான் அது வெளியே தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

டெல்லியில் 2015இல் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், நடுநிலை வயது மாணவர்களுக்கான மாலை மையங்களை ஆராய்ந்தார்கள். மையத்துக்கு வந்த ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது நான்கரை வகுப்பாக இருந்தது. அதாவது, பிள்ளை மேலே போகப் போக இடைவெளியும் கூடுகிறது. அந்த மையங்களில் தினமும் ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநருடன். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், அவனுக்கு எது வரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கினார்கள். நான்கரை மாதத்திலேயே கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

நமது டியூஷன்களில் என்ன நடக்கிறது? நாளைய வீட்டுப்பாடம் முடிகிறது. நோட்டில் பதில் ஏறுகிறது. இரண்டரை வகுப்பு இடைவெளி அப்படியே இருக்கிறது. இதற்கு அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. "மேடம், ஹோம்வொர்க் முடிச்சிட்டானா?" என்று மட்டும் கேட்டு அனுப்புகிறவர்கள் நாம்தானே?

இல்லம் தேடிக் கல்வி காட்டிய வழி

மாலை வகுப்பு நடத்துபவர்களின் மதிப்பைத் தமிழ்நாடு கண்ணால் கண்டது கொரோனாவுக்குப் பிறகு. பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த நிலையில், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை 5 முதல் 7 மணிக்குள் வகுப்பு. சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்க வகுப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். 6 முதல் 8 வரை எடுக்கப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தெருத் திண்ணை, கோயில் மண்டபம், வீட்டு மொட்டை மாடி என்று கிடைத்த இடத்தில் வகுப்புகள் நடந்தன. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

பலன் கிடைத்ததா? தமிழகக் கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்று, பிள்ளைகள் இழந்த படிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டதாகச் சொல்கிறது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் அது கணக்கிடுகிறது. அந்த ஆய்வு சிறு பிள்ளைகளைப் பற்றியது, கிராமங்களைப் பற்றியது. சென்னை நடுநிலைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தெருவில் இருக்கும் ஒரு சாதாரணப் பட்டதாரிப் பெண், பயிற்சியும் பாடப்பொருளும் கிடைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது போதுமான சான்று.

திட்டம் அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பும் வந்தது. தன்னார்வலர் என்ற பெயரில் மதவாத அமைப்பினர் நுழைந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் முக்கியமானது. சிறுபான்மைச் சமுதாயமாக நாம் அந்தக் கவலையைச் சரி என்றே கருதுகிறோம். ஆனால் அதற்கான பதில் ஒதுங்கி நிற்பது அல்ல. நம் பிள்ளைகள் படிக்கும் தெருவில் வகுப்பு எடுக்க நம் பெண்களும் முன்வருவதுதான் பதில்.

கொரோனா நெருக்கடி தணிந்தபின் அந்தத் திட்டம் படிப்படியாகச் சுருங்கியது. 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் பின்தங்கியவர்களுக்காக 'திறன்' இயக்கத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அது பள்ளி நேரத்தில், அரசுப் பள்ளியில் நடப்பது. இன்னொரு பக்கம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததாகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அரசின் கை இறுகும்போது மாலை வகுப்பு மாதிரியான கூடுதல் திட்டங்கள்தான் முதலில் அடிபடும். ஆகவே மாலை நேரத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது.

ஆயிரம் ரூபாயும் ஒரு ஜஸாகல்லாஹ்வும்

அந்த 1,000 ரூபாயைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 6 மணி நேரம் என்று வைத்தால் மாதம் 24 மணி நேரம். மணிக்குச் சுமார் 42 ரூபாய். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். அரசைக் குறை சொல்லும் முன் நம் மக்தபுகளைப் பார்ப்போம். சம்பளம் கேட்டால் "ஹஜ்ரத், அல்லாஹ்விடத்தில் கூலி இருக்கிறது" என்று சொல்லும் நிர்வாகிகள் நம்மிடம் இல்லையா? கூலி அல்லாஹ்விடத்தில் உண்டுதான். ஆனால் வாடகை வீட்டுக்காரரிடம் அல்லவா கொடுக்க வேண்டியிருக்கிறது!

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 'மதிப்பூதியம்' என்று பெயர் வைத்தாலும் அது ஊதியமே என்று நீதிமன்றம் கருதியது. அந்தத் தீர்ப்பு டியூஷன் ஆசிரியைகளுக்கோ மக்தப் உஸ்தாதுகளுக்கோ நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதில் உள்ள நியாயம் நமக்குப் பொருந்தும். பெயரை மாற்றிவிட்டதால் உழைப்பின் மதிப்பு குறைந்துவிடாது.

பத்ருப் போரின் கைதிகள் வரலாறு நமக்குத் தெரியும். ஈட்டுத்தொகை கொடுக்க வசதியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், மதீனாவின் பத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. மற்றவர்களிடம் ஆயிரக்கணக்கான திர்ஹம் பெறப்பட்டது. அப்படியென்றால் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாக வைக்கப்பட்டது. கற்றுக்கொடுத்தவர்கள் முஸ்லிம்கள்கூட அல்லர். அந்த மதிப்பை நாம் எங்கே தொலைத்தோம்?

பெண் பிள்ளைகள், கடைக்குப் போகும் பையன்கள்

இந்த வயதில்தான் நம் வீட்டில் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் மாலையில் வெளியே அனுப்பத் தயங்குகிறோம். பையனை "பள்ளி விட்டதும் கடையில் வந்து நில்லு" என்கிறோம். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும் சட்டம், 2016 திருத்தத்தின்படி, பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. எனவே சட்டப்படி தவறில்லாமலேயே பையனின் மாலை நேரம் கல்லாப்பெட்டிக்குப் போய்விடுகிறது. 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு அகில இந்திய அளவில் சொன்னது. தமிழகத்தில் நிலைமை மேல்தான். ஆனால் இடைநிற்றலுக்கு விதை விழுவது இந்த மாலைகளில்தான்.

பெண் பிள்ளையை நம்பி அனுப்பக்கூடிய ஒரே இடம் பக்கத்து வீட்டு ஆசிரியை. எஸ்.ஐ.இ.டி. கல்லூரியிலும் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்ற எத்தனை பெண்கள் நம் தெருக்களில் வீட்டோடு இருக்கிறார்கள்! அந்தப் பட்டம் பெட்டிக்குள் கிடக்கிறது. அதே தெருவில் ஏழாம் வகுப்புப் பெண் பின்னம் புரியாமல் தவிக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஜமாஅத்தைத் தவிர வேறு யார் வருவார்?

ஜமாஅத் என்ன செய்யலாம்?

முதலில், மஹல்லாவில் மாலை வகுப்பு எடுப்பவர்களின் பட்டியல் ஒன்று எடுக்கலாம். யார், எந்தப் பாடம், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கட்டணம். கட்ட முடியாத வீடுகளுக்குப் பொதுநிதியிலிருந்து அந்த ஆசிரியைக்கே கட்டணத்தைக் கொடுக்கலாம். ஜகாத் நிதியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்யலாம். சதகாவுக்கு அந்தத் தயக்கமும் தேவையில்லை.

இரண்டாவது, நேரத்தை ஒழுங்கு செய்ய வேண்டும். மக்தபும் டியூஷனும் ஒன்றையொன்று தெரியாமல் பிள்ளையை இழுக்கின்றன. உஸ்தாதும் ஆசிரியையும் ஒரே கால அட்டவணையில் வந்தால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விளையாட்டுக்குக் கிடைக்கும். அதுவும் பிள்ளையின் ஹக்குதான். வெள்ளிக்கிழமை தவிர காலியாகக் கிடக்கும் பள்ளிவாசல் மாடிகளும் மதரஸா அறைகளும் வகுப்புக்குப் பயன்படட்டும். பக்கத்து வீட்டு மாற்று மதப் பிள்ளைகளும் வந்து படிக்கட்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் பணியாளர்களைப் பற்றிக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. பள்ளிகளும் விளையாட்டுப் பயிற்சி மையங்களும் மட்டுமல்ல, நம் மதரஸாக்களும் இதைச் செய்ய வேண்டும். கதவு திறந்திருக்கட்டும். பிள்ளையோடு தனியாக இருக்கும் சூழல் வேண்டாம். தவறு நடந்தது தெரிந்தால் புகார் செய்வது அந்தச் சட்டப்படி கடமை. 'சமுதாய மானம்' என்று மூடி மறைப்பது குற்றத்துக்குத் துணை போவது. நல்ல உஸ்தாதுகளின் பெயரைக் காப்பாற்றுவதும் இந்த ஒழுங்குதான்.

நான்காவது, பயிற்சி. புதிய பாடநூல் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பிலும் கணக்கிலும் எது வரை தெரியும் என்று முதல் வாரம் பார்க்கட்டும், அங்கிருந்து தொடங்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லா மஹல்லாவிலும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை அழைத்தால் வருவார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி வரும். சிறிய பள்ளிவாசல்களுக்கு இது உண்மையான சிரமம்தான். ஆனால் மினாராவுக்கு வண்ணம் பூச, மாநாட்டுக்கு ஃபிளெக்ஸ் வைக்க நிதி திரளும் ஊரில், பதினைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்ற செலவு முடியாத காரியம் அல்ல.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். இன்று இரவு பிள்ளை டியூஷனிலிருந்து வந்ததும், வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்காமல், எது புரியவில்லை என்று கேட்போம். நாளை அந்த ஆசிரியையிடமும் அதையே கேட்போம். மாதத்தின் முதல் தேதியில் அவருடைய கட்டணத்தை, அவர் வாய்திறந்து கேட்கும் முன், கையில் கொடுப்போம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.