ஊர் மாறும் அணிகள், ஊருக்கு மிஞ்சும் கடன்

ஒரு விளையாட்டு அணி சொந்த ஊரைவிட்டுப் பெயர்ந்தால், அங்கே ரசிகர்கள் குறைந்துவிட்டார்கள் என்றே எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவின் தேசிய கால்பந்து லீகில் நடந்தவற்றைப் பார்த்தால், அந்த எண்ணம் சரியல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் உச்ச அமைப்பு அது. 2016 முதல் 2020 வரை அதன் மூன்று அணிகள் ஊர் மாறின. செயின்ட் லூயிஸின் ராம்ஸ், சான் டியாகோவின் சார்ஜர்ஸ் ஆகியவை லாஸ் ஏஞ்சலிஸுக்கும், ஓக்லாந்தின் ரைடர்ஸ் லாஸ் வேகஸுக்கும் சென்றன.

காரணத்தை லீகின் வருவாய்ப் பங்கீட்டில் தேட வேண்டும். தேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாய் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் பங்கு மாறாது. ஆனால், அரங்கின் சொகுசு அறைகள் ஈட்டும் வருவாய் பெரும்பாலும் அந்தந்த அணிக்கே சேரும். ஆகவே, உரிமையாளரின் கவனம் ரசிகர்களின் எண்ணிக்கையைவிட அரங்கின் மீதே குவிகிறது.

இதனுடன் செயற்கையான தட்டுப்பாடும் சேர்கிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு சிறிய ஊரின் சங்கமும் கீழ்நிலை லீகில் தொடங்கிப் படிப்படியாக உயரலாம். அமெரிக்காவில் அந்த வழி இல்லை. அணிகளின் எண்ணிக்கையை லீக்தான் தீர்மானிக்கிறது. அணி இல்லாத நகரம் ஒன்று எப்போதும் காத்திருக்கிறது. 1995 முதல் 2015 வரை லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அணிகூட இல்லை. 'புதிய அரங்கு தராவிட்டால் அங்கே போய்விடுவோம்' என்று மற்ற நகரங்களை மிரட்ட அந்த வெற்றிடமே உதவியது.

செயின்ட் லூயிஸின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. மாநிலம், மாவட்டம், நகரம் மூன்றும் கடன் வாங்கிக் கட்டிய அரங்குக்கு 1995இல் ராம்ஸ் வந்தது. ஒப்பந்தம் 30 ஆண்டுகளுக்கானது. ஆனால், லீகின் சிறந்த அரங்குகளுள் ஒன்றாக அது தொடர வேண்டும், இல்லையேல் முன்கூட்டியே வெளியேறலாம் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. புதுப்பிக்கும் செலவை ஏற்க நகரம் மறுத்தது. 2016 ஜனவரியில் அணி உரிமையாளர்கள் 30-2 என வாக்களித்து இடமாற்றத்தை அனுமதித்தனர். ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டில் 2015இல் 145 கோடி டாலராக இருந்த அணியின் மதிப்பு, அடுத்த ஆண்டே 290 கோடி டாலரானது. நகரத்துக்கு மிஞ்சியது தீராத அரங்கக் கடன். வழக்குத் தொடுத்து, 2021இல் 79 கோடி டாலர் இழப்பீட்டுக்கு அது உடன்பாடு கண்டது.

சான் டியாகோவில் அரங்குக்காக விடுதி வரியை உயர்த்தும் திட்டத்தை 2016 நவம்பரில் வாக்காளர்கள் நிராகரித்தனர். இரண்டே மாதங்களில் சார்ஜர்ஸ் இடமாற்றத்தை அறிவித்தது. ரைடர்ஸுக்கோ, விடுதி அறை வரியிலிருந்து 75 கோடி டாலர் தர நெவாடா மாநிலம் முன்வந்தது. 1995இல் அந்த அணியைத் திரும்ப அழைக்க வாங்கிய கடனை அது புறப்பட்ட பிறகும் ஓக்லாந்து செலுத்த வேண்டியிருந்தது.

அணி தனியார் சொத்து, அதை எங்கும் கொண்டுசெல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது ஒரு வாதம். சொந்தப் பணத்தில் அரங்கு கட்டுவோருக்கு அது பொருந்தும். லாஸ் ஏஞ்சலிஸில் ராம்ஸின் உரிமையாளர் அப்படித்தான் கட்டினார். பொதுப்பணத்தைக் கேட்பவர் பொதுமக்களின் நிபந்தனைக்கும் உட்பட வேண்டும். அரங்குகள் வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்ற வாதத்தையும் பொருளியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

விஸ்கான்சினில் உள்ள கிரீன் பே, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் ஊர். அதன் பேக்கர்ஸ் அணி 1923 முதல் பொதுமக்கள் பங்குதாரர்களாக உள்ள அமைப்பு. அதை விற்று லாபம் பார்க்கத் தனி உரிமையாளர் இல்லாததால் அது ஊர் மாறவில்லை. அத்தகைய உடைமைமுறையை வேறு எந்த அணிக்கும் இன்றைய லீக் விதிகள் அனுமதிப்பதில்லை.

அந்த விதி மாறும்வரை நகரங்கள் தம் ஒப்பந்தங்களையே அரணாகக் கொள்ள வேண்டும். கடன் தீரும்வரை அணி வெளியேறக் கூடாது. வெளியேறினால் மீதிக் கடனை உரிமையாளரே ஏற்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் இணங்காத அணிக்குப் பொதுப்பணத்தில் அரங்கு கட்டித்தர வேண்டியதில்லை என்பதே என் கருத்து.