சிறு நகரில் ஒரு பருவம்

பரிமாற்ற மாணவராக வெளிநாடு செல்ல வாய்ப்புக் கிடைத்தால் எந்த நகரைத் தேர்ந்தெடுக்கலாம்? இக்கேள்வியைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டால் இலண்டன், மெல்பர்ன், தோக்கியோ போன்ற பெயர்களே முதலில் வரும். இந்நகரங்களின் பெயரைச் சொன்னதும் உறவினர்களுக்குப் புரிந்துவிடும். எவரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். மாறாக, “நான் செகெட் நகருக்குப் போகிறேன்” என்று ஒரு மாணவி சொன்னால், “அந்த ஊர் எங்கேம்மா இருக்கிறது?” என்றுதான் பெற்றோர் கேட்பார்கள். பெயர் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்புவதா என்ற தயக்கமும் அவர்களுக்கு எழும். அத்தயக்கம் இயல்பானது. ஆயினும், பேரும் புகழும் பெற்ற நகரமே நல்ல கல்வி தரும் என்னும் எண்ணம் சரியா என்பதை ஆராய வேண்டும்.

பரிமாற்றக் கல்வி என்பது முழுப் பட்டப்படிப்பையும் வெளிநாட்டில் முடிப்பதன்று. மாணவர் தம் பல்கலைக்கழகத்திலேயே பதிவு பெற்றவராக இருந்துகொண்டு, ஒரு பருவமோ இரண்டு பருவங்களோ வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்புவதே பரிமாற்றக் கல்வியாகும். இரு பல்கலைக்கழகங்களும் முன்னரே உடன்படிக்கை செய்துகொள்வதால், அங்குத் தேர்ச்சி பெறும் பாடங்கள் இங்குக் கணக்கில் சேர்க்கப்படும். ஐரோப்பாவில் 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எராஸ்மஸ் திட்டம் இம்முறையைப் பரவலாக்கியது. ஒரு பருவம் என்பது ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து மாதங்கள்தாம். இக்குறுகிய காலத்தில் பாடநூலறிவை மட்டும் தேடுவதென்றால் விமானம் ஏறத் தேவையில்லை. உள்ளூரில் இருந்தபடி பெற முடியாத ஒன்றைப் பெற்று வருவதே இப்பயணத்தின் பயன்.

அவ்வகையில் பார்த்தால், பெருநகரைவிடச் சிறு நகரமே பரிமாற்ற மாணவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும் எனலாம். ஆனால், அக்கல்வி தானாக வந்து சேராது. அவ்வூர் மக்களின் மொழியை ஓரளவேனும் கற்க முன்வரும் மாணவருக்கே அது கிட்டும். ஹங்கேரி நாட்டின் செகெட் நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

தலைநகர் புடாபெஸ்டிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தெற்கே, திசா ஆற்றின் கரையில் செகெட் அமைந்துள்ளது. செர்பியா, ருமேனியா ஆகிய இரு நாடுகளின் எல்லைகளும் அருகிலேயே உள்ளன. மக்கள்தொகை ஏறத்தாழ 160,000. கோலாலம்பூரையோ சிங்கப்பூரையோ கண்டு பழகியவர்களுக்கு இது ஒரு வீடமைப்புப் பகுதியைப் போலத்தான் தோன்றும். நகரின் நடுப்பகுதியை நடந்தே சுற்றி வரலாம். டிராம் வண்டிகளும் மின்கம்பியில் ஓடும் பேருந்துகளும் உண்டு. பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஒரே வளாகத்தில் இல்லாமல் கடைத்தெருக்களுக்கும் சதுக்கங்களுக்கும் இடையே பரவிக் கிடக்கின்றன. அதனால் மாணவர் வகுப்புக்குச் செல்லும்போதே ஊரின் அன்றாட வாழ்க்கைக்குள் நுழைந்துவிடுகிறார். ஒரே ரொட்டிக் கடை, ஒரே சந்தை, ஒரே டிராம் நிறுத்தம் என்று பழகும்போது, இரண்டாம் மாதத்திலேயே முகங்கள் அறிமுகமாகிவிடும். பெருநகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் அண்டை வீட்டாரின் பெயர் தெரியாதவர்கள் உண்டு. அங்கே ஒரு பருவம் மட்டும் தங்கும் மாணவருக்கு அறிமுகங்கள் எளிதில் கிடைக்குமா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சிறு நகரின் இரண்டாவது நன்மையைப் பலர் குறையாகவே கருதுகின்றனர். அங்கு ஆங்கிலம் எல்லா இடங்களிலும் கைகொடுப்பதில்லை. விரிவுரை அறையில் ஆங்கிலம் போதும். சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டியிடமோ டிராம் ஓட்டுநரிடமோ அது போதாது. ஹங்கேரியில் சிறு கடைகளுக்குள் நுழையும்போது வணக்கம் சொல்வது வழக்கம். ‘யோ நபோட்’ என்ற பகல் வணக்கத்தையும் ‘கொசொனொம்’ என்ற நன்றியையும் தட்டுத் தடுமாறிச் சொன்னாலும், கேட்பவர் முகம் மலரும். பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வரும் வெளிநாட்டவர் ஒருவர் “வணக்கம்” என்று சொன்னால் கடைக்காரருக்கு ஏற்படும் மகிழ்ச்சியைப் போன்றதே இது. தன் மொழியை ஒருவர் மதிக்கிறார் என்பதை மனிதர்கள் உடனே உணர்ந்துகொள்கின்றனர்.

தமிழ் கற்கும் மாணவருக்கு ஹங்கேரிய மொழி இன்னொரு வியப்பையும் தரும். அம்மொழியைச் சுற்றிலும் ஜெர்மானிய, ஸ்லாவிய, ருமேனிய மொழிகள் வழங்குகின்றன. ஆனால், அவற்றோடு உறவில்லாமல், பின்லாந்து, எஸ்தோனியா ஆகிய நாடுகளின் மொழிகளோடு தொலைவான உறவுடையது ஹங்கேரிய மொழி. தமிழுக்கும் அதற்கும் இனவுறவு நிறுவப்படவில்லை. எனினும், சொற்களை அமைக்கும் முறையில் ஒற்றுமை உண்டு. ‘ஹாஸ்’ என்றால் வீடு. ‘ஹாஸக்’ என்றால் வீடுகள். ‘ஹாஸக்பன்’ என்றால் வீடுகளில். பெயர்ச்சொல்லோடு பன்மை விகுதியும் அதன்பின் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொள்ளும் முறை தமிழ் மாணவருக்குப் பழக்கமானதே. ‘நீ’, ‘நீங்கள்’ என்பன போல நெருக்கத்துக்கு ஒரு சொல்லும் மரியாதைக்கு வேறு சொல்லும் அங்கும் உண்டு. அதே நேரத்தில், ‘அவன்’, ‘அவள்’ என்ற வேறுபாடு அங்கு இல்லை. இருபாலருக்கும் ஒரே சொல்தான். வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த வேற்றுமை உருபுகள், வேறொரு மொழியைக் கற்கும்போது திடீரென்று பொருளுடையவை ஆகின்றன. தாய்மொழியின் இலக்கணத்தை அயலூரில் புரிந்துகொள்வது விந்தையாகத் தோன்றலாம்; ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்று கிடைக்கும்போதுதான் தன்னுடையது தெளிவாகத் தெரியும்.

ஹங்கேரிய மொழியைப் பேசுவோர் உலகம் முழுவதிலும் ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது இலட்சம் பேரே. தமிழைப் பேசுவோரின் எண்ணிக்கையோ அதைவிடப் பன்மடங்கு அதிகம். இருந்தும், அம்மக்கள் மருத்துவம், கணிதம், நாடகம், செய்தி என எல்லாவற்றையும் தங்கள் மொழியிலேயே நடத்துகின்றனர். வெளியுலகத் தொடர்புக்கு ஆங்கிலத்தையோ ஜெர்மன் மொழியையோ கற்றுக்கொள்கின்றனர். தமிழைத் தேர்வுப் பாடமாக மட்டும் கருதும் மாணவர் ஒருவர் இதனை நேரில் கண்டால், தம் மொழியைத் தாம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார் என்று தம்மையே கேட்டுக்கொள்வார்.

கற்கும் முறையிலும் வேறுபாடுகள் உள்ளன. ஹங்கேரியப் பல்கலைக்கழகங்களில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வழங்கப்படுகிறது. ஐந்து மிகச் சிறந்தது, ஒன்று பெற்றால் தேர்ச்சி இல்லை. பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தும் மரபும் உண்டு. குலுக்கல் முறையில் ஒரு தலைப்பை எடுத்து, சிறிது நேரம் ஆயத்தம் செய்து, பேராசிரியரின் முன் அமர்ந்து விளக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் மாதிரி விடைகளை ஒப்புவித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் வயிற்றைக் கலக்கும். ஆனால், “ஏன்?” என்று பேராசிரியர் எதிரில் இருந்து கேட்கும்போது, மனப்பாடம் செய்தவர் யார், புரிந்து படித்தவர் யார் என்பது வெளிச்சமாகிவிடும்.

இவற்றையெல்லாம்விட, செகெட் நகரின் வரலாறே பரிமாற்ற மாணவருக்கு ஒரு பாடமாகும். 1879ஆம் ஆண்டு மார்ச் மாதம் திசா ஆறு கரையுடைத்து நகரை மூழ்கடித்தது. ஆயிரக்கணக்கான வீடுகளுள் சில நூறு மட்டுமே எஞ்சின. ஐரோப்பிய நகரங்கள் பலவும் உதவிக்கரம் நீட்ட, வட்டச் சாலைகளும் அகன்ற தெருக்களும் கொண்ட புதிய நகரம் எழுந்தது. உதவிய நகரங்களை மறவாமல், வெளிவட்டச் சாலையின் பகுதிகளுக்கு இலண்டன், பாரிஸ், ரோம், வியன்னா, பெர்லின், பிரசல்ஸ், மாஸ்கோ என்று பெயர் சூட்டினர். அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பிறர் செய்த உதவியைத் தெருப்பெயராக நாள்தோறும் சொல்லி வாழும் ஊர் அது.

அங்குள்ள பல்கலைக்கழகமும் புலம்பெயர்ந்து வந்ததே. 1872இல் கொலொஜ்வார் என்னும் நகரில் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், முதல் உலகப் போருக்குப்பின் அந்நகரம் ருமேனியாவின் வசமானதால், 1921இல் செகெட்டுக்கு இடம்பெயர்ந்தது. பிறகு, ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி என்னும் அறிவியலறிஞர் நெதர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆய்வு செய்து, இச்சிறு நகருக்குப் பேராசிரியராக வந்தார். ஆய்வுக்குத் தேவையான வைட்டமின் சி-யைப் பெருமளவில் பெற வழி தெரியாமல் இருந்த அவருக்கு, செகெட் வட்டாரத்தில் கொட்டிக் கிடந்த பாப்ரிகா மிளகாய் கைகொடுத்தது. 1937இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. வெளிநாட்டில் கற்ற அறிவும் உள்ளூர்ச் சந்தையின் மிளகாயும் சேர்ந்தே அவ்வெற்றியைத் தந்தன. அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கட்டலின் கரிக்கோ, 1985இல் கணவரோடும் சிறு மகளோடும் அமெரிக்கா சென்று ஆய்வைத் தொடர்ந்தார். கோவிட்-19 தடுப்பூசிகளுக்கு அடிப்படையான ஆய்வுக்காக 2023இல் ட்ரூ வைஸ்மனுடன் இணைந்து நோபல் பரிசு பெற்றார். அறிவு ஒரு திசையில் மட்டும் பயணம் செய்வதில்லை. சிறு நகருக்கு வந்தும் வளர்கிறது. சிறு நகரிலிருந்து சென்றும் வளர்கிறது.

சிறு நகர வாழ்க்கையில் இன்னல்களே இல்லை என்று கூறிவிட முடியாது. ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரம் வெயில் காணும் நாட்டிலிருந்து செல்பவருக்கு, டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவது மனச்சோர்வைத் தரும். இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் மிகுதியாகச் சேரும் உணவு வகைகளால் சைவ உணவு உண்பவர்களும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் தொடக்கத்தில் திண்டாடுவர். தங்களைப் போன்ற தோற்றமுடையவர்கள் குறைவாக உள்ள ஊரில், டிராமில் சிலர் உற்றுப் பார்ப்பதும் நேரலாம். அறிமுகமில்லாத மொழி சூழ்ந்திருக்க, தனியறையில் அமர்ந்து வீட்டை நினைத்துக் கண்கலங்கும் இரவுகளும் வரும். பிள்ளைகளுக்கு இவற்றை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்புவது நேர்மையாகாது.

ஆயினும், இவ்வின்னல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆயத்தமே மருந்து. புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே நூறு சொற்களையாவது கற்கலாம். ‘ஃபொசெலேக்’ எனப்படும் கெட்டியான காய்கறிக் குழம்பு பலவற்றில் இறைச்சி இல்லை. என்ன சேர்த்துள்ளனர் என்று அவர்கள் மொழியில் கேட்கத் தெரிந்தால் போதும். குளிர்காலத்தில் பகல் வேளையில் வெளியே நடப்பதையும், வாரம் ஒரு முறை வீட்டாருடன் பேசுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். தனிமை மிகும்போது பல்கலைக்கழகத்தின் ஆலோசகரை நாடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

உண்மையில், இன்னல்களைவிட வசதியே பெரிய ஆபத்து. செகெட்டில் பல நாட்டு மாணவர்கள் ஆங்கில வழியில் பயில்கின்றனர். வெளிநாட்டு மாணவர்களுடனேயே தங்கி, அவர்களுடனேயே உண்டு, வார இறுதிகளில் புடாபெஸ்ட், வியன்னா என்று சுற்றிவிட்டு, ஹங்கேரியர் ஒருவருடனும் பழகாமலே ஒரு பருவத்தைக் கழித்துவிட முடியும். அப்படித் திரும்புபவரிடம் நிழற்படங்கள் நிறைய இருக்கும். சொல்வதற்குச் செய்தி இராது. கிணற்றுத் தவளை வேறொரு கிணற்றுக்கு மாறியதாகவே அது முடியும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செல்லும் பயணம் அவ்வாறு வீணாகக்கூடாது.

மேலும், பரிமாற்றம் என்பது கொடுத்துப் பெறுவது. செகெட் மாணவர் ஒருவருக்கு மலேசியாவைப் பற்றியோ சிங்கப்பூரைப் பற்றியோ தமிழரைப் பற்றியோ எதுவும் தெரியாதிருக்கலாம். தைப்பொங்கல் ஏன் கொண்டாடப்படுகிறது, ஒரே தெருவில் கோயிலும் பள்ளிவாசலும் எப்படி இருக்கின்றன, தமிழ் எழுத்துகள் எப்படி அமைந்துள்ளன போன்ற கேள்விகளுக்குத் தெளிவாக விடை சொல்ல முடியாவிட்டால், கொடுக்க எதுவுமில்லாமல் சென்றவர் ஆவோர் அம்மாணவர்கள்தாம். ஆகவே, வெளிநாட்டுப் பயணத்திற்கான ஆயத்தம், தம் மொழியையும் பண்பாட்டையும் ஒழுங்காக அறிந்துகொள்வதிலிருந்தே தொடங்க வேண்டும். இடைநிலைப்பள்ளிப் பருவமே அதற்கு ஏற்ற காலம்.

எனவே, பரிமாற்றக் கல்விக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், அவ்வூரின் பெயர் உறவினர்களுக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டியதில்லை. அங்குள்ள மனிதர்களோடு பழக முடியுமா, அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை பேசத் தாம் முயலப் போகிறோமா என்பவற்றையே பார்க்க வேண்டும். “அந்த ஊர் எங்கேம்மா இருக்கிறது?” என்ற பெற்றோரின் கேள்விக்கு, புறப்படும்போது வரைபடத்தில் ஒரு புள்ளியைத்தான் காட்ட முடியும். ஒரு பருவம் கழித்துத் திரும்பும்போது, திசா ஆற்றையும், சந்தை மூதாட்டியையும், வாய்மொழித் தேர்வில் தடுமாறிய நாளையும் பற்றி அந்த மாணவி நெடுநேரம் சொல்வாள். பெற்றோரும் ஆவலோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.